எங்க வீட்டு கடலை மிட்டாய் டப்பாவுல விழுற கேள்விங்க: இங்கிலீஷ் டீச்சர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய இங்கிலீஷ் டீச்சர்களுக்கும் சார்களுக்கும் வணக்கம்.

நான் கோவில்பட்டில வீட்டுல வச்சு சாயங்காலம் டியூஷன் எடுக்குறேன். ஆறாப்புல இருந்து பத்தாப்பு வரைக்கும் பதினஞ்சு இருபது பிள்ளைங்க வருவாங்க, கவர்மெண்ட் ஸ்கூல், எய்டட் ஸ்கூல் பிள்ளைங்கதான் ஜாஸ்தி. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி காலியான கடலை மிட்டாய் டப்பா ஒன்ன கழுவி காயவச்சு திண்ணையில வச்சேன், இங்கிலீஷ்ல என்ன சந்தேகம் இருந்தாலும் சீட்டுல எழுதி உள்ள போடுங்க, பேர் எழுத வேணாம்னு சொன்னேன். வாயத் தொறந்து கேளுங்கன்னு அதுக்கு முன்னாடி எத்தனையோ தடவை சொல்லியாச்சு, ஒருத்தரும் கேக்கல. பேர் வேணாம்னு சொன்ன முதல் வாரமே டப்பா பாதி நிறைஞ்சுருச்சு.

அந்த சீட்டுங்கள படிக்கப் படிக்க எனக்கு ஒன்னு புரிஞ்சுது, இதெல்லாம் என்கிட்ட கேக்க வேண்டிய கேள்வியே இல்ல, காலைல உங்க கிளாஸ்ல கேட்டுருக்கணும். கேக்க பயந்து சாயங்காலம் வரைக்கும் பாக்கெட்ல வச்சுக்கிட்டு வந்து இங்க போடுதுங்க. அதனாலதான் இந்த லெட்டர். உங்கள குறை சொல்லணும்னு எழுதல, நாப்பது பிள்ளைங்கள வச்சுக்கிட்டு பரீட்சைக்கு முன்னாடி பாடத்த முடிக்கணும்ங்கற கஷ்டம் எனக்குத் தெரியும். ஆனா இந்த கேள்விங்களுக்கு பதில் இருக்கு, அந்த பதில் பிள்ளைங்களுக்கு ஏற்கனவே தெரிஞ்ச விஷயத்துலயே இருக்கு, அத எடுத்துக் காட்ட அஞ்சு நிமிஷம் போதும், அதைத்தான் சொல்ல வந்தேன்.

முதல்ல ஒரு பையனப் பத்தி சொல்லிடுறேன். ஒன்பதாப்பு படிக்கிறான், நல்லா கணக்கு போடுவான். கிளாஸ்ல பாடம் வாசிக்கிறப்ப தீர்மானிக்கிறதுங்கற அர்த்தத்துல வர்ற இங்கிலீஷ் சொல்ல "டிட்டர்மைன்"னு வாசிச்சிருக்கான். டீச்சர் சிரிச்சுட்டாங்க, கிளாஸே சேந்து சிரிச்சிருக்கு. "டிட்டர்மின்"னு திருத்திட்டு அடுத்த பையன எழுப்பி வாசிக்க சொல்லிட்டாங்க. ஏன் அப்படின்னு சொல்லல. அதுக்கப்புறம் அவன் முறை வந்தா தொண்டை கட்டியிருக்கு மிஸ்னு சொல்லி உக்காந்துடுவானாம். அவன் போட்ட சீட்டுல ஒரே வரி: "மைன்னா மைன், நைன்னா நைன், இதுல மட்டும் ஏன் மின்?"

கேள்வியப் பாருங்க, எவ்வளவு ஒழுங்கா யோசிச்சிருக்கான். அவன கூப்பிட்டு உக்கார வச்சு, தம்பி, மருந்துக்கு இங்கிலீஷ்ல என்னப்பான்னு கேட்டேன். மெடிசின்னான். ரயில இழுக்குறது? எஞ்சின்னான். ரெண்டையும் போர்டுல எழுதி கடைசி மூணு எழுத்துக்கு கீழ கோடு போட்டேன், ஐ, என், இ. பக்கத்துல அவன் தப்பா வாசிச்ச சொல்லையும் எழுதி அதே மூணு எழுத்துக்கு கோடு போட்டேன். நீ மெடிசைன்னா சொல்ற? எஞ்சைன்னா சொல்ற? அவன் கொஞ்ச நேரம் போர்டையே பாத்துட்டு, "அக்கா, அப்ப எனக்கு இது முன்னாடியே தெரியும்"னான். அன்னிக்கு அந்தப் பாடத்த மொத்தமா என் முன்னாடி சத்தமா வாசிச்சு காட்டிட்டுத்தான் வீட்டுக்கு போனான்.

காரணம் என்னன்னா அழுத்தம். மைன், நைன், லைன் எல்லாம் ஒரே அசை, முழு பலமும் அதுமேலதான் விழும், அதனால "ஐ" சத்தம் முழுசா வரும். டிட்டர்மின்ல பலம் நடுவுல இருக்குற "டர்"மேல, எஞ்சின்லயும் மெடிசின்லயும் பலம் முதல் அசைமேல. வாலுக்கு பலம் போய் சேராததால அது சுருங்கி "இன்" ஆயிடுது. டிக்ளைன்ல பலம் கடைசில விழுது, அதனால அங்க "ஐ" அப்படியே நிக்குது. எல்லா சொல்லுக்கும் இது பொருந்தாது, ஆனா நிறைய சொல்லுக்கு வழி காட்டும்.

இந்த அழுத்தத்தத்தான் நாம கிளாஸ்ல சொல்லிக் குடுக்குறதே இல்ல. எழுத்து சொல்லிக் குடுக்குறோம், அர்த்தம் சொல்லிக் குடுக்குறோம், கிராமர் சொல்லிக் குடுக்குறோம், எந்த அசைல அழுத்தணும்னு மட்டும் விட்டுடுறோம். தமிழ்ல அது தேவையே இல்லாததால நமக்கே அது தோணுறதில்ல. நாம அசைங்கள எல்லாம் கிட்டத்தட்ட ஒரே பலத்துல சொல்லிட்டு போவோம், நெடில்னா நீட்டுவோம் குறில்னா குறுக்குவோம், அவ்வளவுதான். இங்கிலீஷ்ல ஒரு அசைய தூக்கிப் பிடிச்சுட்டு மத்ததையெல்லாம் அமுக்கிடுவாங்க. ஹோட்டல்னு நாம ரெண்டு அசையையும் ஒரே மாதிரி சொல்றோம், அவங்க "டெல்"ல அழுத்துறாங்க. டெவலப்புல நடு அசைல. கமிட்டிலயும் நடு அசைல. போலீஸ்ல ரெண்டாவது அசைல, அதனால முதல் அசை ரொம்ப லேசா "பொ" மாதிரி போயிடும், இலங்கைத் தமிழ்ல பொலிஸ்னு எழுதுறது அந்த சத்தத்துக்கு பக்கத்துல இருக்கு. ஃபோட்டோகிராஃப்னா முதல் அசைல அழுத்தம், அதையே ஃபோட்டோகிராஃபர்னு சொன்னா அழுத்தம் ரெண்டாவது அசைக்கு தாவிடும், படம் பிடிக்கிற ஆள் வந்ததும் மொத்த சொல்லோட தாளமே மாறிடும். ரெக்கார்ட்ங்கறது பொருளா இருந்தா முன்னாடி அழுத்தம், பதிவு பண்றதுங்கற வினையா இருந்தா பின்னாடி.

அமுங்கிப் போற அந்த உயிர் சத்தத்துக்கு ஷ்வான்னு பேர், இங்கிலீஷ்ல அதிகமா வர்ற உயிர் சத்தமே அதுதான். பனானால நடு அசை மட்டும்தான் நல்லா கேக்கும், முன்னாடியும் பின்னாடியும் இருக்குறது ஷ்வா. டீச்சர், டாக்டர், கம்ப்யூட்டர் எல்லாத்துலயும் கடைசில வர்றது அதேதான், எழுத்து வேற வேறயா இருந்தாலும் சத்தம் ஒன்னு. இது பிள்ளைங்களுக்கு கஷ்டமா இருக்கும்னு நினைக்காதீங்க, பக்கத்து பீரியட்ல தமிழய்யா குற்றியலுகரம் நடத்துறார். காது, பாட்டு, எஃகுல வர்ற கடைசி உகரம் ஒரு மாத்திரைல இருந்து அரை மாத்திரையா குறையும்னு பிள்ளைங்க படிச்சு மார்க்கும் வாங்குதுங்க. உயிர் ஒன்னு தன் அளவுல குறையுங்கறது நமக்கு ஆயிரக்கணக்கான வருஷமா தெரிஞ்ச விஷயம். அத ஞாபகப்படுத்தி, இங்கிலீஷ்லயும் அப்படி குறையுது பாருங்கன்னு ஆரம்பிச்சா சட்டுனு பிடிச்சுக்குதுங்க.

எழுதியிருக்கும் ஆனா சொல்லக்கூடாத எழுத்தப் பத்தின சீட்டுதான் எண்ணிக்கைல அதிகம். கத்திக்கு இங்கிலீஷ்ல முன்னாடி ஒரு கே எதுக்கு, புதன்கிழமைல நடுவுல ஒரு டி எதுக்கு, கடன்ங்கற அர்த்தத்துல வர்ற "டெட்"ங்கற சொல்லுல பி எதுக்கு. "அது சைலண்ட் லெட்டர், மனப்பாடம் பண்ணு"ன்னு சொல்றதோட நாம முடிச்சுடுறோம். ஆனா கே ஒரு காலத்துல ஊமையா இல்ல, கத்தி, முழங்கால், முடிச்சு எல்லாத்துக்கும் முன்னாடி "க்" சத்தத்த வாயால நல்லாவே சொல்லியிருக்காங்க. புதன்கிழமை வோடன்ங்கற பழைய கடவுளோட நாள், அந்த டி அவர் பேர்ல இருந்து வந்தது. 1476-ல வில்லியம் காக்ஸ்டன் லண்டன் பக்கம் வெஸ்ட்மின்ஸ்டர்ல அச்சகம் வச்சார், அச்சுக்கு போகப் போக எழுத்து கொஞ்சம் கொஞ்சமா உறைஞ்சுருச்சு, ஆனா ஜனங்களோட வாய் மாறிக்கிட்டே இருந்துச்சு, முக்கியமா நெடில் உயிருங்க எல்லாம் அதுக்கு முன்னயும் பின்னயுமா ஒரு மூணு நூறு வருஷத்துல இடம் மாறிப்போச்சு. நாம இன்னிக்கு எழுதுறது அந்தக் காலத்து வாய், பேசுறது இந்தக் காலத்து வாய்.

கடன் கதை வேற மாதிரி. அது பிரெஞ்சுல இருந்து வந்தப்ப அதுல பி கிடையாது. பின்னாடி வந்த படிச்சவங்க, லத்தீன் மூலச் சொல்லுல பி இருக்கே, அது தெரியட்டும்னு நடுவுல சேத்துட்டாங்க. சந்தேகம்ங்கற சொல்லுல பி வந்ததும் இப்படித்தான், ரசீதுங்கற சொல்லுல பி மாதிரி இன்னொரு எழுத்து, பேப்பர்ங்கற சொல்லுக்கு முதல் எழுத்தா வருமே அந்த "ப்" எழுத்து, அது வந்ததும் இப்படித்தான். தீவுங்கற சொல்லுல எஸ் தப்பாவே வந்தது, வேற ஒரு லத்தீன் வழி சொல்லோட சொந்தம்னு நினைச்சு சேத்தது. இத சொன்னப்ப ஏழாப்பு பாப்பா ஒருத்தி, "அப்ப தப்பு பண்ணது நாங்க இல்லையா அக்கா"ன்னு கேட்டா. எனக்கு தொண்டை அடைச்சுருச்சு.

இதுக்கும் தமிழ்லயே உதாரணம் இருக்கு. நோட்டுல "வந்துகொண்டிருக்கிறேன்"னு எழுதுற பிள்ளை வாயால "வந்துட்டு இருக்கேன்"னுதான் சொல்லுது, "அவர்கள்"னு எழுதிட்டு "அவங்க"ன்னு சொல்லுது. எழுத்து ஒன்னு பேச்சு ஒன்னுங்கறத பிறந்ததுல இருந்து பழகின பிள்ளைங்க நம்ம பிள்ளைங்க, அதுங்களுக்கு இத விளக்க முடியாதா?

இறந்த காலத்துக்கு கடைசில இ, டி சேக்குறோம்ல, அதப் பத்தியும் சொல்லணும். பிள்ளைங்க "ஆஸ்கெட்", "வாஷெட்", "ஸ்டாப்பெட்"னு வாசிக்குதுங்க, எழுத்துப்படி பாத்தா அது நியாயம்தான். நான் என்ன பண்ணுவேன்னா எல்லாரையும் ரெண்டு விரல தொண்டைல வைக்க சொல்லுவேன். முதல்ல "பல்"னு சொல்லுங்க, அடுத்து "கம்பு"ன்னு சொல்லுங்க. ரெண்டுலயும் ஒரே ப வரிசைதான், ஆனா பல்லுல ப சொல்றப்ப தொண்டை அதிராது, கம்புல வர்ற பு சொல்றப்ப அதிரும். இது புரிஞ்சதும் மிச்சம் சுலபம். வினைச்சொல் அதிராத சத்தத்துல முடிஞ்சா வால் அதிராத "ட்", ஆஸ்க்ட், வாஷ்ட், ஸ்டாப்ட். அதிருற சத்தத்துல முடிஞ்சா அதிருற "ட்", ப்ளேய்ட், கால்ட், ஓப்பன்ட். ஏற்கனவே அதிராத "ட்", அதிருற "ட்" ரெண்டுல ஒரு சத்தத்துல முடிஞ்சா மட்டும்தான் தனியா ஒரு அசை, வாண்டிட், நீடிட். பன்மைக்கு போடுற எஸ்ஸும் தொண்டைய பாத்துத்தான் மாறும். தமிழ்ல ஒரே எழுத்து இடத்த பாத்து சத்தம் மாறுறத விதியா வச்சிருக்கோம், அதே மாதிரி யோசிக்க சொன்னா போதும்.

இப்ப மனசுக்கு வருத்தமான ஒன்னு. "இஸ்கூல்"னு சொல்ற பிள்ளையையும், "பஸ்ஸு", "லைட்டு"ன்னு சொல்ற பிள்ளையையும் பட்டிக்காடுன்னு சொல்றாங்க. சொன்னது யாருன்னு எனக்கு வேணாம், சொல்றாங்க, பிள்ளைங்க சீட்டுல எழுதியிருக்குதுங்க. நன்னூல்ல சொல்லுக்கு முதல்ல எந்த எழுத்து வரும், கடைசில எது வரும்னு விதி இருக்கு. தனி மெய்யில சொல் தொடங்காது, ர, ல தொடங்காது, அதனாலதான் இராமன், இலாபம், உலோகம்னு முன்னாடி ஒரு உயிர வச்சு எழுதினோம். வல்லின மெய்யில சொல் முடியாது, அதனாலதான் லைட்டுக்கு கடைசில ஒரு உகரம். இஸ்கூல்னு சொல்ற ஆத்தா எந்தப் புத்தகமும் படிக்காமலே அந்த இலக்கணத்த நாக்குல வச்சிருக்கு. வெள்ளைக்காரங்களும் இதையேதான் பண்ணாங்க, மிளகுத்தண்ணி முல்லிகட்டானி ஆச்சு, சுருட்டு செரூட் ஆச்சு, தூத்துக்குடி டூட்டிகோரின் ஆச்சு. அவங்க நாக்குக்கு வந்தபடி சொன்னாங்க, அத டிக்‌ஷனரிலயும் மேப்புலயும் அச்சடிச்சாங்க.

அதுக்காக இஸ்கூல்னே இண்டர்வியூல சொல்லட்டும்னு நான் சொல்லல, பிள்ளைங்களுக்கு வேலை வேணும். பாம்பு சீறுற மாதிரி "ஸ்ஸ்ஸ்"னு நீட்டி ஆரம்பிச்சு அப்படியே "கூல்"ல போய் சேருங்கன்னு சொன்னா ரெண்டு நாள்ல வந்துடும். ஒன்லிய "வொன்லி"ன்னும் எம்ம "யெம்"னும் சொல்றதுக்கு, கண்ணாடி முன்னாடி நின்னு உதடு குவியுதா, நாக்கு மேல போகுதான்னு பாக்க சொல்லுங்க. திருத்துங்க, ஆனா கேவலப்படுத்தாம திருத்துங்க, ப்ளீஸ்.

அ, ஆன் விஷயம் சீக்கிரம் முடிஞ்சுடும். "உயிரெழுத்துக்கு முன்னாடி ஆன்"னு சொல்லிக் குடுக்குறத "உயிர் சத்தத்துக்கு முன்னாடி ஆன்"னு மாத்துங்க, ஒரே ஒரு சொல்தான் மாறுது. எம்.எல்.ஏ.வுக்கு முன்னாடி ஆன், எஃப்.ஐ.ஆர்.க்கு முன்னாடி ஆன், ஏன்னா வாயில வர்றது "எ". யுனிவர்சிட்டிக்கு முன்னாடி வெறும் அ, ஏன்னா வாயில வர்றது "யு".

அடுத்தது லீவ் லெட்டர். தமிழ்நாட்டுல பள்ளிக்கூடம் போன எல்லாரும் எழுதினது, காய்ச்சல்னு ஆரம்பிச்சு ஒரு நாள் லீவ் வேணும்னு முடியும். அதுல "ஐ கைண்ட்லி ரிக்வெஸ்ட்"னு எழுத வைக்கிறோம். தமிழ்ல அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்னு சொல்றது சரி, ஆனா இங்கிலீஷ்ல அப்படி எழுதினா நான் தயவு பண்ணி கேக்குறேன்னு நம்மள நாமே சொல்லிக்கிற மாதிரி ஆயிடும், தயவு பண்ண வேண்டியவர் ஹெட்மாஸ்டர். கைண்ட்லிய எடுத்து லீவ் தர்ற வினைக்கு பக்கத்துல வைக்கணும். கீழ கையெழுத்து போடுற இடத்துல "யுவர்ஸ்"ல எஸ்ஸுக்கு முன்னாடி தலைல ஒரு கொக்கி போடுறாங்க, நோட்டுல பாதி இப்படித்தான் இருக்கு, சில டீச்சர்களே போர்டுல போட்டு விடுறாங்க. அந்தக் கொக்கி ரெண்டு வேலைக்குத்தான், ஒன்னு ஒரு எழுத்து விழுந்துடுச்சுன்னு காட்ட, இன்னொன்னு பெயர்ச்சொல்லுக்கு "உடைய" சேக்க. "உங்களோடது"ங்கற சொல்லுல "ஓட" ஏற்கனவே உள்ள இருக்கு, இன்னொரு தடவை சேத்து "உங்களோடோடது"ன்னு சொல்லுவோமா? இப்படி சொன்னதும் பிள்ளைங்க கலகலன்னு சிரிச்சுட்டு கொக்கிய அழிச்சுடுதுங்க. இட்ஸ்ல "அதனுடைய"ன்னு வந்தா கொக்கி கிடையாது, "அது இருக்கிறது"ன்னு வந்தா கொக்கி உண்டு, அதுவும் இதே கணக்குதான்.

கமாவ சாதாரணமா விடுறோம், அதுல ஒரு சம்பவம் பிள்ளைங்களுக்கு சொல்லலாம். அமெரிக்கால மெய்ன் மாநிலத்துல, ஓவர்டைம் சம்பளம் எந்தெந்த வேலைக்கு கிடையாதுன்னு சட்டத்துல ஒரு பட்டியல். கடைசில "அனுப்புறதுக்காக பேக் பண்றது அல்லது விநியோகம்"னு வருது, "அல்லது"க்கு முன்னாடி கமா இல்ல. பால் கம்பெனி டிரைவருங்க, நாங்க விநியோகம்தான் பண்றோம், பேக் பண்றதில்ல, கமா இல்லாததால அது ரெண்டும் ஒரே பேக்கிங் வேலை, அப்ப எங்களுக்கு ஓவர்டைம் உண்டுன்னு கேஸ் போட்டாங்க. 2017-ல அப்பீல் கோர்ட் டிரைவருங்க பக்கம் நின்னுச்சு, 2018-ல 50 லட்சம் டாலருக்கு சமரசம் ஆச்சு. தமிழ்ல நமக்கு இந்தப் பிரச்சனை வராது, இட்லியும் தோசையும் வடையும்னு ஒவ்வொன்னுக்கும் "உம்" ஒட்டிடும், கமா பாக்குற வேலைய அந்த உம் பாத்துக்கும். ஓலைச்சுவடில கமாவும் இல்ல முற்றுப்புள்ளியும் இல்ல, மெய்யெழுத்து மேல புள்ளி கூட வைக்காமத்தான் நிறைய எழுதினாங்க. அதனால நம்ம பிள்ளைங்க கமாவ மறக்குதுங்கன்னா அது சோம்பேறித்தனம் மட்டும் இல்ல. உம் வர்ற இடத்துல எல்லாம் நிறுத்தி யோசின்னு சொன்னா கை தானா கமா போடுது.

"டுடே மார்னிங்"னு ஏன் எழுதுதுங்க, இன்னிக்கு காலைலன்னு மனசுல இருக்கு. இங்கிலீஷ்ல "திஸ் மார்னிங்", நேத்து ராத்திரின்னா "லாஸ்ட் நைட்". "ஐ ஆம் ஹேவிங் டூ சிஸ்டர்ஸ்"ல ஹேவிங் வேணாம், அக்கா தங்கச்சி இருக்குறது நடந்துக்கிட்டு இருக்குற வேலை இல்ல, இருக்குற நிலை. சிவப்பு மையில சுழிக்கிறதுக்கு முன்னாடி பிள்ளை எந்தத் தமிழ்ல இருந்து அங்க வந்துச்சுன்னு பாத்தீங்கன்னா திருத்துறது சுலபம். கஸின் பிரதர்னு எழுதுறதும் அப்படித்தான், சித்தி பையன தம்பின்னே கூப்பிட்டு வளந்த பிள்ளைக்கு வெறும் கஸின்னு எழுத மனசு வரல. பரீட்சைல கஸின்னு எழுத சொல்லுங்க, அந்த மனசு தப்புன்னு சொல்லாதீங்க.

டப்பாவுல வந்ததுலயே எனக்கு ரொம்ப பிடிச்ச சீட்டு இது: "அப்துல் கலாம் எத்தனையாவது ஜனாதிபதின்னு இங்கிலீஷ்ல எப்படி கேக்குறது?" பதினோராவதுன்னு பதில் சொல்ல இங்கிலீஷ்ல சொல் இருக்கு, கேக்குறதுக்கு நேரான ஒத்த சொல் பேச்சு வழக்குல இல்ல. சுத்தி வளைச்சுத்தான் கேக்கணும், அவருக்கு முன்னாடி எத்தனை பேர் இருந்தாங்கன்னோ, வரிசைல அவரோட இடம் எதுன்னோ. அந்த சீட்ட போட்ட பிள்ளை தனக்கு இங்கிலீஷ் வரலன்னு நினைச்சுக்கிட்டு இருந்துச்சு, உண்மைல குறை அந்த மொழில இருந்துச்சு. தமிழ்ல இருக்குற ஒரு வசதி அங்க இல்லன்னு நான் சொன்னப்ப அந்த பிள்ளை நிமிந்து உக்காந்தத நீங்க பாத்துருக்கணும்.

உங்ககிட்ட நான் கேக்குறது இதுதான். வாரத்துல ஒரு நாள் அஞ்சு நிமிஷம் இதுக்கு ஒதுக்குங்க. மேஜை மேல ஒரு டப்பா வைங்க, பேர் வேணாம்னு சொல்லுங்க. புது சொல் வந்தா அர்த்தத்தோட எந்த அசைல அழுத்தம்னு அடிக்கோடு போட்டுக் குடுங்க. ஃபோன்ல டிக்‌ஷனரி தொறந்தா சொல்லுக்கு பக்கத்துல ஸ்பீக்கர் படம் இருக்கும், பிரிட்டிஷ் தனியா அமெரிக்கன் தனியா, அத அமுக்கி கிளாஸுக்கு கேக்க விடுங்க. ஷெட்யூலா ஸ்கெட்யூலா, ஸெட்டா ஸீயான்னு பிள்ளைங்க சண்டை போட்டா ரெண்டும் சரி, ஒன்னு அந்த ஊர் ஒன்னு இந்த ஊர்னு சொல்லிடுங்க. பதில் தெரியலன்னா நாளைக்கு பாத்துட்டு வந்து சொல்றேம்மான்னு சொல்லுங்க, நான் அப்படி பல தடவை சொல்லியிருக்கேன், பிள்ளைங்க மறுநாள் முன்னாடியே வந்து காத்துக்கிட்டு இருக்கும்.

இந்த வாரம் டப்பாவுல விழுந்த சீட்டு ஒன்ன இதோட சேத்து அனுப்புறேன், போட்டது உங்க கிளாஸ் பிள்ளையாக் கூட இருக்கலாம். "ஒன்னுங்கற இங்கிலீஷ் சொல் ஓ எழுத்துல ஆரம்பிக்குது, ஒன்லியும் ஓ எழுத்துலதான் ஆரம்பிக்குது. ஒன்லிய வொன்லின்னு சொன்னா அடிக்கிறாங்க, அப்ப இத மட்டும் ஏன் எல்லாரும் வன்னு சொல்றாங்க?" பதில நான் இன்னும் சொல்லல. திங்கக்கிழமை காலைல உங்க வாயால அந்த பிள்ளை கேக்கட்டும்னு வச்சிருக்கேன்.

இப்படிக்கு,
உங்க பிள்ளைங்களுக்கு சாயங்காலம் சொல்லிக் குடுக்குற ஒரு டியூஷன் அக்கா,
கோவில்பட்டி